34 வயதில் முதல் முதலீடு: சுங்கை சிப்புட் தம்பிக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வீடு, ஈப்போ பக்கம் ஒரு தொழிற்சாலையில் டெக்னீசியன் வேலை, வயது 34, சம்பளம் 2,800 வெள்ளி (ரிங்கிட்). பேங்கில் 18,000 வெள்ளி சேர்ந்திருக்கிறது. மாதம் 400 வெள்ளி மிச்சமாகிறது. கிரெடிட் கார்டில் 2,500 வெள்ளி பாக்கி. மனைவி வீட்டிலிருந்தே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறார். அம்மா நகை வாங்கச் சொல்கிறார். கூட்டாளி ஒருவர் டெலிகிராம் குழுவில் மாதம் 10 சதவிகிதம் வருகிறது என்கிறார். யூனிட் டிரஸ்ட் (பலர் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் திட்டம்) ஏஜெண்ட் ஒருவர் வரி மிச்சமாகும் என்று பாரத்தோடு வந்துவிட்டார். எதில் போடுவது?

தம்பி, நான் பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது எங்கள் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) அக்கம்பக்கத்தாருக்கு வருமான வரி பாரம் நிரப்பிக் கொடுக்கிறேன். அதனால் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்த குடும்பங்களின் பணம் எங்கே போகிறது, எங்கே மாட்டிக்கொள்கிறது என்பது ஓரளவு தெரியும். ஒன்று கவனித்திருக்கிறேன். எவ்வளவு கிடைக்கும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். போட்ட பணம் எந்த நாளில், யார் கையிலிருந்து திரும்ப வரும் என்று கேட்கிறவர் குறைவு. நீங்கள் எழுதியிருக்கும் எல்லாவற்றையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே பார்க்கலாம்.

முதலில் அந்த 2,500. கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு வந்தால் பாக்கிக்கு ஆண்டுக்கு 15 முதல் 18 சதவிகிதம் வட்டி ஓடுகிறது. இந்த நாட்டில் ஒழுங்கான எந்த முதலீடும் உங்களுக்கு நிச்சயமாக 18 சதவிகிதம் தராது. ஆகவே உங்கள் முதல் முதலீடு அந்தப் பாக்கியை நாளைக்கே முழுசாக அடைப்பது. மீதி 15,500.

அடுத்தது, நீங்கள் கேள்வியில் குறிப்பிடவே இல்லாத ஒன்று. நீங்கள் ஏற்கெனவே முதலீட்டாளர்தான். 2,800 சம்பளத்தில் உங்கள் பங்காக 11 சதவிகிதம், அதாவது 308 வெள்ளி, ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமநிதிக்குப் போகிறது. முதலாளி 13 சதவிகிதம் போடுகிறார், அது 364. இரண்டும் சேர்ந்து மாதம் 672, ஆண்டுக்கு 8,000 வெள்ளிக்கு மேல். உங்கள் பேங்க் புத்தகத்தில் இருப்பதைவிட அங்கே கட்டாயம் கூடுதலாக இருக்கும். சம்பள ஸ்லிப்பில் பிடித்தம் என்று வருவதால் நம் ஆட்கள் அதைச் செலவுக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.

ஹேண்ட்போனில் ஈ.பி.எஃப்.பின் ஐ-அகாவுன் செயலியைத் திறந்து மாதாமாதம் பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பெரிய தொழிற்சாலை என்றால் பயமில்லை. ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்யும் தம்பி தங்கைகள் வீட்டில் இருந்தால் அவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். சம்பளத்தில் பிடித்துவிட்டு, கட்டாமல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். எவ்வளவு சீக்கிரம் தெரிகிறதோ அவ்வளவுக்குப் புகார் சுலபம்.

ஈ.பி.எஃப். கொடுத்த லாப ஈவைப் பாருங்கள். 2022ல் 5.35 சதவிகிதம், 2023ல் 5.50, 2024ல் 6.30. வழக்கமான சேமிப்புக்கு 2.5 சதவிகிதத்துக்குக் குறையாது என்று சட்டமே உத்தரவாதம் கொடுக்கிறது. உள்ளூர்ப் பங்குகள், வெளிநாட்டுப் பங்குகள், அரசாங்கப் பத்திரங்கள், கட்டடங்கள் என்று அவர்கள் பரப்பிப் போடுகிறார்கள். அந்த வேலையைத் தனியாளாக நீங்கள் செய்ய முடியாது, செய்யவும் தேவையில்லை. அதோடு, கட்டாயச் சந்தாவுக்கு மேலே உங்கள் விருப்பத்துக்கும் பணம் போடலாம், ஆண்டுக்கு 1 லட்சம் வெள்ளி வரை. ஆன்லைன் பேங்கிங்கில் ஐந்து நிமிட வேலை.

மாதம் 400 வெள்ளியை முழுக்க அங்கே போட்டு, லாப ஈவு சராசரி 5 சதவிகிதம் என்று அடக்கமாகவே வைத்துக்கொள்வோம். 55 வயதில், 21 ஆண்டுகள் கழித்து, சுமார் 1 லட்சத்து 75 ஆயிரம் வெள்ளி இருக்கும். நீங்கள் கையிலிருந்து போட்டது 1,00,800. இதையே 40 வயதில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டால் சுமார் 1 லட்சத்து 6 ஆயிரம்தான். ஆறு வருடத் தாமதத்தில் நீங்கள் போடாமல் விட்டது 28,800, இழந்தது 69,000. முப்பதுகளில் ஆரம்பிப்பது தாமதமோ என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தீர்கள். இருபதுகளில் ஆரம்பித்திருந்தால் நல்லதுதான். ஆனால் நம் குடும்பங்களில் இருபதுகள் தங்கை கல்யாணத்துக்கும் அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் போய்விடும். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

சரி, எப்போது திரும்ப வரும்? 2024 மே மாதத்திலிருந்து 55 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஈ.பி.எஃப். மூன்று கணக்காகிவிட்டது. போடும் ஒவ்வொரு வெள்ளியிலும் 75 சென் ஓய்வுக்காலக் கணக்குக்குப் போகிறது. 15 சென், வீடு, படிப்பு, மருத்துவம் போன்றவற்றுக்கு எடுக்கக்கூடிய இரண்டாவது கணக்குக்குப் போகிறது. 10 சென், எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்குக்கு. நீங்கள் விருப்பத்துக்குப் போடும் பணமும் இப்படித்தான் பிரியும். ஆக, முக்கால்வாசிப் பணம் 55 வரை பூட்டு.

இந்தப் பூட்டைப் பார்த்துத்தான் பலர் தயங்குகிறார்கள். நான் இதை நல்லதாகவே நினைக்கிறேன். சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் ஒருவரிடம் ரொக்கம் இருக்கிறது என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். மாமா பையனுக்கு லோரி டெபாசிட், சித்தப்பாவுக்கு வீட்டுக் கூரை, கோயில் திருவிழா, கல்யாண வீட்டு அவசரம். முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல நமக்கு வராது. “ஈ.பி.எஃப்.பில் இருக்கிறது மாமா, எடுக்க முடியாது” என்று சொல்லலாம், அது உண்மையும்கூட. யாருக்கும் மனஸ்தாபம் இல்லை. ஆனால் அந்த 10 சென் கணக்கைப் பற்றி அவர்களுக்கும் தெரியும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பூட்டு நல்லதுதான் என்றாலும் எல்லாப் பணத்தையும் பூட்டுக்குள் வைத்துவிட்டால், மோட்டார் சைக்கிள் எஞ்சின் போன அன்றைக்கே வட்டிக்காரன் வீட்டுக்குப் போக வேண்டிவரும். பிடித்தம் எல்லாம் போக உங்கள் கைக்கு வருவது சுமார் 2,470. அதில் 400 மிச்சம் என்றால் மாதச் செலவு 2,000 சொச்சம். நான்கு மாதச் செலவு, 8,000 வெள்ளி, எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். 2,000 சேமிப்புக் கணக்கில். மீதி 6,000த்தை மூன்று எஃப்.டி.யாக (நிலைவைப்பாக) பிரித்து, ஒவ்வொன்றையும் மூன்று மாதத் தவணைக்கு, ஒரு மாத இடைவெளி விட்டுப் போடுங்கள். மாதம் ஒன்று முதிரும். அவசரத்துக்கு உடைத்தாலும் ஒன்றின் வட்டிதான் போகும். வட்டி குறைவு, 2 முதல் 3 சதவிகிதத்துக்குள்தான். இந்த 8,000த்தின் வேலை வளர்வது இல்லை, அங்கேயே இருப்பது. பேங்க் முழுகினாலும் வைப்புத்தொகைக்கான பி.ஐ.டி.எம். காப்புறுதி ஒரு பேங்கில் ஒருவருக்கு 2,50,000 வெள்ளி வரை காக்கிறது, ஆகவே தூங்கலாம்.

கையில் இன்னும் 7,500 இருக்கிறது. இதற்கு நான் சொல்வது அமானா சஹாம் மலேசியா (சுருக்கமாக ஏ.எஸ்.எம்.) என்ற யூனிட் டிரஸ்ட். அமானா சஹாம் பூமிபுத்ரா மலாய்க்காரர் முதலான பூமிபுத்ராக்களுக்குத்தான், நமக்குத் திறந்ததில்லை, அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதை நடத்தும் அதே ஏ.எஸ்.என்.பி. நிறுவனத்தின் ஏ.எஸ்.எம்., ஏ.எஸ்.எம். 2 வாவாசான், ஏ.எஸ்.எம். 3 மூன்றும் எல்லா மலேசியர்களுக்கும் உண்டு. ஒரு யூனிட் எப்போதும் 1 வெள்ளி. வாங்க, விற்கக் கட்டணம் இல்லை. சமீப ஆண்டுகளில் லாப ஈவு 4 முதல் 5 சதவிகிதத்துக்குள் வந்திருக்கிறது. வேண்டும்போது எடுக்கலாம். ஐந்து, பத்து வருடத்தில் தேவைப்படும் பணத்துக்கு, உதாரணமாக வீட்டு முன்பணத்துக்கு, இதைவிடப் பொருத்தமான இடம் நம் நிலைமைக்கு எனக்குத் தெரியவில்லை.

சிக்கல் என்னவென்றால் யூனிட் கிடைப்பதுதான். இனவாரியாக ஒதுக்கீடு இருக்கிறது, இந்தியர்களுக்கான பங்கு அடிக்கடி தீர்ந்துபோகும். யாராவது எடுத்தால்தான் அந்த அளவுக்குத் திறக்கும். மைஏஎஸ்என்பி செயலியில் மொத்தமாக 7,500 என்று போட்டால் இல்லை என்று வரும். 100, 50 என்று சின்னச் சின்னத் தொகையாக முயன்றால் கிடைக்கும். பொறுமை வேண்டும். பள்ளி திறக்கும் காலத்திலும் பெருநாளுக்கு முன்பும் நிறையப் பேர் எடுப்பார்கள், அப்போது முயன்று பாருங்கள். கவுண்டருக்குப் போனால் ஒன்றைக் கவனியுங்கள். நிலையான விலை யூனிட் இல்லை என்றால், அதே நிறுவனத்தின் விலை மாறும் திட்டங்கள் எப்போதும் கிடைக்கும் என்று சொல்வார்கள். கெட்டது என்று சொல்லவில்லை, ஆனால் பெயர்கள் ஒன்றுபோல இருக்கும். அதில் போட்ட ஆயிரம் அடுத்த வருடம் 900 ஆகவும் இருக்கலாம் என்பது தெரிந்து போடுங்கள்.

ஏஜெண்ட் சொன்ன வரி மிச்சத்துக்கு வருவோம். அவர் சொன்னது தனியார் ஓய்வூதியத் திட்டமாக இருக்கும். அதற்கு ஆண்டுக்கு 3,000 வெள்ளி வரை வரி விலக்கு உண்டு, அது உண்மைதான். ஆனால் உங்கள் ஆண்டு வருமானம் 33,600. தனிநபர் கழிவு 9,000, ஈ.பி.எஃப். கழிவு எல்லாம் போனால் வரிக்குரிய வருமானம் 21,000த்துக்குக் கீழே. அதற்கு வரும் சின்ன வரியும் 400 வெள்ளித் தள்ளுபடியில் காணாமல் போய்விடும். வரியே கட்டாதவருக்கு வரி விலக்கு எதற்கு? சம்பளம் 5,000 தாண்டும்போது அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள். அதோடு, ஏஜெண்ட் மூலம் யூனிட் டிரஸ்ட் வாங்கினால் விற்பனைக் கட்டணம் 5 சதவிகிதம் வரைகூட இருக்கும். 1,000 கொடுத்தால் 950தான் வேலைக்குப் போகிறது. அந்த 50ஐ மீட்கவே ஒரு வருடம் ஆகலாம். கட்டணம் எவ்வளவு என்று வெள்ளிக் கணக்கில் எழுதித் தரச் சொல்லுங்கள், அவர் முகத்திலேயே பதில் தெரியும்.

அம்மாவின் நகை யோசனையைச் சிரித்து ஒதுக்காதீர்கள். தோட்டத்து லய வீடுகளில் இருந்த காலத்தில் பேங்க் தூரம், பாரமெல்லாம் மலாயிலோ ஆங்கிலத்திலோ. ஒரு பெண் தன் பெயரில் வைத்திருக்க முடிந்த ஒரே சொத்து கழுத்தில் இருந்ததுதான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் திறக்கும்போது அடகுக் கடைக்குப் போகும், தீபாவளி போனஸில் திரும்பும். என் கேள்விக்கு, அதாவது எப்போது திரும்ப வரும் என்பதற்கு, தங்கம் நல்ல பதில்: அன்றைக்கே. தங்க விலையும் கடந்த சில ஆண்டுகளில் அவர் பக்கமே பேசியிருக்கிறது.

ஆனாலும் நகை வேறு, தங்கம் வேறு. வாங்கும்போது செய்கூலி கொடுக்கிறீர்கள், விற்கும்போது அது வராது, எடையிலும் கழிப்பார்கள். அடகு வைத்து மாதம் 2 சதவிகிதம் வட்டி கட்டினால் ஆண்டுக்கு 24 சதவிகிதம், கார்டைவிட மோசம். லாப ஈவும் கிடையாது. மனைவிக்கு ஒரு சங்கிலி வாங்க ஆசைப்பட்டால் வாங்குங்கள், சங்கிலியாக நினைத்து வாங்குங்கள். சேமிப்பாகத் தங்கம் வேண்டும் என்றால் கூலி குறைந்த காசோ கட்டியோ, அதுவும் மொத்தச் சேமிப்பில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல். அம்மாவுக்கும் சமாதானம்.

டெலிகிராம் விஷயம். மாதம் 10 சதவிகிதம் என்றால், வட்டிக்கு வட்டியாக 2,000 வெள்ளி ஒரு வருடத்தில் 6,200ஐத் தாண்டும். அது தெரிந்த ஒருவர் உங்கள் கூட்டாளியின் 2,000த்துக்காகக் குழு நடத்த மாட்டார். இதை நீங்களே யோசித்திருப்பீர்கள். “நான் 300 எடுத்துப் பார்த்தேன், உடனே வந்தது” என்று கூட்டாளி சொல்வார், அதில்தான் ஆள் விழுவது. இங்கே என் கேள்விகூட ஏமாந்துபோகும். சின்னத் தொகை திரும்ப வரும், வர வைப்பார்கள், அப்புறம் நீங்கள் பெரிதாகப் போடுவீர்கள் என்பதற்காக. பெரிய தொகையைக் கேட்கும்போது முதலில் வரி கட்டு, கட்டணம் கட்டு என்று இன்னும் கேட்பார்கள். முதலீட்டுச் சந்தையைக் கண்காணிக்கும் செக்யூரிட்டீஸ் கமிஷனும் மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் எச்சரிக்கைப் பட்டியல்கள் வெளியிடுகின்றன, அதில் பெயரைத் தேடுங்கள். பட்டியலில் இல்லை என்பது நல்லவர் என்பதற்கு அத்தாட்சி ஆகாது, உரிமம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பணம் போய்விட்டது என்று தெரிந்த அந்த நிமிடமே மோசடிப் புகார் எண்ணான 997க்கு அழைக்க வேண்டும், வெட்கப்பட்டு நாள் கடத்தக் கூடாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: பேங்க் கணக்கையும் ஏ.டி.எம். கார்டையும் சில நாளுக்குக் கொடுத்தால் சில நூறு வெள்ளி தருகிறேன் என்று ஊருக்குள் ஆட்கள் வருகிறார்கள். அந்தக் கணக்கில் திருட்டுப் பணம் ஓடினால் போலீஸ் தேடி வருவது கணக்குக்குச் சொந்தக்காரரைத்தான்.

கூட்டு கட்டுவதையும், அதாவது சீட்டுப் பிடிப்பதையும், பலர் முதலீடு என்கிறார்கள். அதைத் தொழிலாக நடத்துவதை 1971லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். அக்கா தங்கச்சிகள் பத்துப் பேர் சேர்ந்து பிடிப்பது வேறு. அது சேமிக்கும் பழக்கத்துக்கு உதவும், ஒருவர் ஊரைவிட்டுப் போகாத வரைக்கும்.

நம் மக்கள் ஒன்றாகச் சேர்ந்து பெரிதாக முதலீடு செய்த கதைகள் இரண்டு உண்டு, இரண்டையும் தெரிந்துகொள்வது நல்லது. 1950களின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். உங்கள் சுங்கை சிப்புட்டில் பிறந்த, அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். மாதம் 10 வெள்ளி கட்டி 100 வெள்ளிப் பங்கு. அந்தக் காசில் சங்கம் தோட்டங்களை வாங்கியது, சங்கம் இன்றும் இருக்கிறது. 1980களில் வந்தது மைக்கா ஹோல்டிங்ஸ், நம் மக்களிடம் பணம் திரட்டித் தொடங்கிய முதலீட்டுக் கம்பெனி. சுமார் 66,000 பேர் 10 கோடி வெள்ளிக்கு மேல் போட்டார்கள், நகையை அடகு வைத்துப் போட்டவர்களும் உண்டு. அந்தப் பங்குகள் சந்தையில் பட்டியலிடப்படவே இல்லை. விற்க நினைத்தவருக்கு வாங்க ஆள் இல்லை. 2010ல் பங்குக்கு 80 சென் தருகிறோம் என்று ஒரு தரப்பு முன்வந்தபோது கால் நூற்றாண்டு போயிருந்தது. யார் தப்பு என்ற சண்டை தனி. எனக்கு அதில் கண்ணில் படுவது, 66,000 பேரில் மிகச் சிலரே ஆரம்பத்தில் “விற்க வேண்டும் என்றால் யாரிடம் விற்பது?” என்று கேட்டிருப்பார்கள் என்பது. இன்றைக்கும் கூட்டுறவு, அகர்வுட் மரம், மாட்டுப் பண்ணை என்று யாராவது பங்கு விற்க வந்தால் முதல் கேள்வி அதுதான்.

பங்குச் சந்தையில் நேரடியாக இறங்குவது பற்றிக் கடைசியில் கேட்டிருந்தீர்கள். ஆசை புரிகிறது. அப்பா பால்மரம் வெட்டிய தோட்டத்தின் கம்பெனியில் பங்கு வாங்குவதில் ஒரு திருப்தி இருக்கத்தான் செய்யும். செம்பனைக் கம்பெனிகள் பல நம் பங்குச் சந்தையான புர்சா மலேசியாவில் இருக்கின்றன. 100 பங்கு ஒரு லாட், புரோக்கரிடம், பங்குகளை வைத்திருக்கும் சி.டி.எஸ். கணக்கு திறந்தால் போதும். நல்ல கம்பெனிப் பங்கை எந்த வேலை நாளிலும் விற்கலாம். என்ன விலைக்கு என்பதுதான் யாருக்கும் தெரியாது. கோலாலம்பூர் பங்குச் சந்தைக் குறியீடு 2018 ஏப்ரலில் 1,895 வரை போனது, 2024 முடிவில் 1,642ல் நின்றது. இடையில் கம்பெனிகள் லாப ஈவு கொடுத்தன, இருந்தாலும் அதே ஆறரை வருடத்தில் ஈ.பி.எஃப்.பில் சும்மா இருந்தவர் நன்றாகவே இருந்தார். இரண்டு வருடம் போகட்டும், மாதா மாதம் போடும் பழக்கம் கைவரட்டும். அப்புறம் தொலைந்தாலும் தூக்கம் கெடாத 1,000, 2,000 வெள்ளியை வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

இனி மனைவி. நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன அவர் தையல் வருமானத்தில்தான் இந்தக் கணக்கிலேயே சிறந்த வாய்ப்பு இருக்கிறது. சொந்தமாகத் தொழில் செய்பவர்களுக்கு ஈ.பி.எஃப்.பில் ஐ-சாரான் என்று ஒரு திட்டம். அவர் போடும் தொகைக்கு அரசாங்கம் 20 சதவிகிதம் சேர்த்துப் போடுகிறது, ஆண்டுக்கு அதிகபட்சம் 500 வெள்ளி, வாழ்நாளில் மொத்தம் 5,000 வரை. ஆண்டுக்கு 2,500 போட்டால், அதாவது மாதம் 210 வெள்ளி போல, முழு 500ம் கிடைத்துவிடும். லாப ஈவு அதற்கு மேலே தனி. ஆகவே உங்கள் 400ல் முதல் 210ஐ அவர் பெயரில் போடுங்கள், மீதி 190 உங்கள் பெயரில். அவர் உறுப்பினராகச் சேர்ந்தால் மட்டும் போதாது, ஐ-சாரானுக்கென்று தனியாகப் பதிய வேண்டும். பதியாமல் போட்டால் சாதாரணச் சந்தாவாக ஏறிவிடும், அரசாங்கத்தின் பங்கு வராது.

அதற்காக ஈப்போ ஈ.பி.எஃப். அலுவலகத்துக்கு ஐ.சி.யை (அடையாள அட்டையை) எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் சேர்ந்தே போய் வாருங்கள். போன கையோடு வாரிசு நியமனத்தையும் சரிபாருங்கள். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பெயரைக் கொடுத்திருந்தால் இன்னும் அதுதான் இருக்கும், ஒன்றுமே கொடுக்காமலும் இருக்கலாம். நியமனம் இல்லாமல் ஒருவர் போய்விட்டால் குடும்பம் அந்தப் பணத்துக்காகக் கோர்ட், கடிதம் என்று அலைய வேண்டியிருக்கிறது. மனைவிக்கு எவ்வளவு, அம்மாவுக்கு எவ்வளவு என்று சதவிகிதமாகப் பிரித்தும் எழுதலாம். அதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுப் போங்கள், கவுண்டரில் நின்று பேச வேண்டாம்.